ஜகாட் வென்றது எந்தப் பிரிவில்? தமிழில் எடுத்தால் மலேசிய விருதுக்குப் போக முடியுமா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் பாணியில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகு ஒரு குடும்பம் என்ன ஆனது என்பதை நண்பர்கள் சேர்ந்து படமாக எடுக்கப் போகிறீர்கள். தமிழில் எடுத்தால் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான போட்டிக்கே போகாது, மலாயில் எடு என்கிறார் உங்கள் மாமா. ஜகாட் என்ற நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஜெயித்ததே என்று நீங்கள் கேட்டால், "அது வேற்றுமொழிப் பிரிவுலப்பா" என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. விருதுக்காகக் கதையின் மொழியை மாற்றலாமா, கூடாதா? முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு என் அபிப்பிராயம்தான் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்து வந்த அபிப்பிராயம்.

நானும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்தான். தொலைக்காட்சியில் வரும் தமிழ் நாடகங்களுக்கு மலாயில் வசன வரி, அதாவது சப்டைட்டில், எழுதுவது என் தொழில், பல வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. பக்கத்து ஊர்களில் நடக்கும் குறும்படப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். தேசிய விழாவின் நடுவர் அறையை வெளியிலிருந்து பார்த்தவள்தான், அதனால் நடுவர்களைப் பற்றிக் கீழே நான் சொல்வதெல்லாம் சின்னப் போட்டிகளில் கண்ணால் பார்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ஜகாட் 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. 2016 செப்டம்பரில் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வாங்கியது. மொழிப் பிரிவு எதுவும் இல்லாத, எல்லாப் படங்களுக்கும் பொதுவான விருது அது. இயக்குநருக்கும் நம்பிக்கை தரும் புதிய இயக்குநர் என்ற விருது கிடைத்தது. ஆக, இந்த விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் மாமா இல்லாததைச் சொல்லவில்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் நியமனப் பட்டியல் வந்தபோது ஜகாட் உண்மையிலேயே மலாய் அல்லாத மொழிப் படங்களுக்கான பிரிவில்தான் இருந்தது. படத்தின் வசனத்தில் 70 விழுக்காடாவது மலாயில் இருந்தால்தான் பிரதான பிரிவு என்று ஏற்பாட்டாளர்கள் விதி வைத்திருந்தார்கள். அதன்படி ஜகாட் போனது ஒரு பக்கம் என்றால், ஓலா போலாவும் அதே பிரிவுக்குப் போனது. அதைத்தான் ஜனங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சியூ கெங் குவான் எடுத்த ஓலா போலா நம் தேசியக் கால்பந்துக் குழுவின் கதை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசுகிற படம், நாடு முழுக்க எல்லா இனத்தாரும் போய்ப் பார்த்த படம். அதைப் பிரதானப் போட்டிக்கு வெளியே வைத்தால் எது மலேசியப் படம் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம், முன்பு அதே விழாவில் தான் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். நடிகரும் இயக்குநருமான அஃப்டலின் சவுக்கி விழாவைப் புறக்கணிப்பதாகச் சொன்னார். ஆதரவு தந்த வங்கியின் தலைவர் நசீர் ரசாக், இப்படிப் பிரித்தால் எங்கள் ஆதரவு கிடையாது என்றார். விழாவுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், படத் தயாரிப்பாளர் சங்கமும் பினாஸ் என்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமும் உட்கார்ந்து பேசி விதியை மாற்றினார்கள். சிறந்த படம் என்பது மொழி பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்று, அதோடு தேசிய மொழிப் படத்துக்கென்று தனியாக ஒரு விருது என்று முடிவானது. அந்தத் திறந்த பிரிவில்தான் ஜகாட் ஜெயித்தது. முதல் பட்டியலைப் பத்திரிகையில் பார்த்த உங்கள் மாமாவுக்கு அது மனதில் பதிந்துவிட்டது, முடிவு பதியவில்லை. மாமா மட்டும் இல்லை, நம் டவுனில் இன்னும் பல பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

இதில் எனக்கு மனசு நிறைந்த விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சண்டையில் முன்னால் நின்று குரல் கொடுத்தவர்களில் பலர் மலாய்க்காரர்கள். படங்களை மொழியால் பிரிப்பதை எதிர்த்துத் தன் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தவர் நூர் காசிம். மலாயில் எடுத்தால்தான் மலாய்க்காரர்கள் மதிப்பார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதற்கு முன்னும் வழி முழுக்க அடைபட்டுக் கிடக்கவில்லை. யாஸ்மின் அகமட்டின் செபெட் 2005-இல் சிறந்த படமாகத் தேர்வானது. அதில் மலாய், கண்டோனீஸ், ஆங்கிலம் எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும். அப்போதும் இது தேசியப் படமா என்று வாக்குவாதம் இருந்தது. கொஞ்சம் பின்னால் போனால், மலாய் சினிமாவையே கட்டி எழுப்பியவர்களில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்! சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 1950-இல் பக்தி படத்தில் மலாய்த் திரையின் பெரும் நடிகர் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக நிறுத்தினார். 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லிக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த அனாக்கு சசாலியை இயக்கியவர் பனி மஜும்தார், வங்காளி. இந்த நாட்டுச் சினிமா ஒரே மொழிக்காரர்களின் கையில் எப்போதும் இருந்ததில்லை என்பதை மாமாவிடம் சொல்லுங்கள், அவருக்கு ரம்லி படம் பிடிக்கும் என்றால் நிச்சயம் காது கொடுப்பார்.

சரி, மொழிக்குத் தனி விருது வைப்பதே தப்பா என்றால், இல்லை. இதில் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியாவில் தேசியத் திரைப்பட விருது 1954-இல் தொடங்கியது. அங்கே ஆரம்ப வருஷங்களிலிருந்தே மொழிவாரி விருதும் உண்டு, எல்லா மொழிக்கும் பொதுவான சிறந்த படம் என்ற விருதும் உண்டு. 1954-இல் வந்த மலைக்கள்ளன் தமிழுக்கான விருது வாங்கிய படம். ஆனால் பொதுவான சிறந்த படம் என்ற விருதை ஒரு தமிழ்ப் படம் தொட 1990-ஆம் ஆண்டுக்கான தேர்வு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திரா பார்த்தசாரதியின் கதையை வைத்து கே.எஸ். சேதுமாதவன் எடுத்த மறுபக்கம்தான் அந்தப் படம். அப்புறம் பிரியதர்ஷனின் காஞ்சிவரம், 2007-க்கானது. இரண்டுமே ரசிகர் கூட்டம் அள்ளிய படங்கள் இல்லை, இங்கே நம் ஊரில் பெயர் தெரிந்தவர்கள்கூடக் கொஞ்சம்தான். ஆனால் வாசல் திறந்திருந்தது, வந்தார்கள், வாங்கினார்கள். மொழிவாரி விருது அதைத் தடுக்கவில்லை.

கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பந்தி போட்டால் அது உபசாரம். பொதுப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவரை எழுப்பி அங்கே போ என்றால் அது வேறு. 2016-இன் முதல் விதி செய்தது இரண்டாவது வேலை. மற்ற மொழிகளுக்குத் தனியாக விருது வைத்தது குற்றம் இல்லை, அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய விருதின் கதவைச் சாத்தியதுதான் குற்றம். எந்த விழாவின் விதியைப் படித்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். தனிப் பிரிவு, பொதுப் பிரிவோடு சேர்த்து இருக்கிறதா, பொதுப் பிரிவுக்குப் பதிலாக இருக்கிறதா?

இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. மினாரி என்று ஒரு படம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நிலம் வாங்கி விவசாயம் பண்ணப் போகும் கொரியக் குடும்பத்தின் கதை. அமெரிக்க இயக்குநர், அமெரிக்கத் தயாரிப்பு, அமெரிக்க மண். ஆனால் வீட்டுக்குள் அவர்கள் கொரிய மொழி பேசுகிறார்கள் என்பதற்காக 2021 கோல்டன் குளோப் விழாவில் அதை வேற்றுமொழிப் படப் பிரிவில் வைத்தார்கள், சிறந்த படத்துக்கான போட்டியில் சேர்க்கவில்லை. அங்கேயும் வசனத்தில் பாதி என்று ஒரு கணக்கு. அங்கேயும் எதிர்ப்பு வந்தது, அந்த வருஷமே விதியைத் திருத்தினார்கள். ஆஸ்காரில் அதே மினாரி பொதுவான சிறந்த படப் பிரிவில் நியமனம் பெற்றது, பாட்டியாக நடித்த யூன் யோ ஜொங் துணை நடிகை விருதே வாங்கினார். ஒரே படம், ஒரே வருஷம், ஒரு விழாவில் அந்நியப் படம், இன்னொரு விழாவில் சொந்தப் படம். ஆஸ்காரும் சும்மா இல்லை, 2019-இல் நைஜீரியா அனுப்பிய லயன்ஹார்ட் படத்தில் ஆங்கிலம் அதிகம் என்று சர்வதேசப் படப் பிரிவிலிருந்து தள்ளிவிட்டார்கள், நைஜீரியாவின் அரசாங்க மொழியே ஆங்கிலம் என்று அவர்கள் சொன்னதும் எடுபடவில்லை. விழுக்காடு வைத்து மொழியை அளந்தால் இப்படித்தான் யாராவது ஒருவர் அநியாயமாக வெளியே நிற்பார்.

உறுதியானது இவ்வளவுதான். இனி வருவது உறுதி இல்லாதது. ஜகாட் ஜெயித்ததால் இனி எல்லாத் தமிழ்ப் படத்துக்கும் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விழா விதி என்பது ஒவ்வொரு முறையும் ஏற்பாட்டாளர் எழுதுவது, 2016-இல் ஒரே மாதத்துக்குள் மாறியதை நாமே பார்த்தோம். அப்படி மாறியது திரும்ப மாறாது என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அதனால் நீங்கள் கலந்துகொள்ளும் வருஷத்துப் படிவம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம், என் பதிலோ மாமாவின் ஞாபகமோ இல்லை.

இன்னொரு சந்தேகம், தமிழ் தெரியாத நடுவர்கள் தமிழ்ப் படத்துக்கு நியாயமாக மார்க் போடுவார்களா என்பது. என் அனுபவத்தில் பெரும்பாலும் போடுகிறார்கள், ஆனால் அவர்கள் பார்ப்பது நீங்கள் எடுத்த படத்தை இல்லை, வசன வரி வழியாக வந்து சேர்ந்த படத்தை. ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கதை மாதிரியே ஒரு கதை. லயத்து வாசலில் லாரி நிற்கிறது, அலமாரி, கட்டில், சாமிப் படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பெரியவர் ஒருவர் காலி வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்புகிறார். லாரிக்காரன் ஏறச் சொல்கிறான். பெரியவர் பேசாமல் நிற்கிறார், நாலைந்து நொடி, பின்னால் ஒரு சேவல் கூவுகிறது, அப்புறம் கேட்கிறார், "சாவிய யாருகிட்ட குடுக்கணும்?" எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த வாரம் இடிக்கப் போகிற வீட்டின் சாவி அது. ஆனால் வசன வரி போட்டவர், பெரியவர் திரும்பின உடனேயே அந்தக் கேள்வியைத் திரையில் எழுதிவிட்டார். பக்கத்தில் இருந்த தமிழ் தெரியாத இரண்டு நடுவர்களும் அதை முதலிலேயே படித்து முடித்துவிட்டு, அந்த நாலைந்து நொடியும் ஏன் இந்த ஆள் சும்மா நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே அந்த இடம் இழுக்கிறது என்று குறிப்பெழுதினார்கள். அவர்கள் பாரபட்சம் காட்டவில்லை. படம் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. நடித்த அந்தப் பெரியவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் என் யோசனை, மலாயில் படம் எடுப்பதற்குச் செலவாகும் கவலையை மலாய் வசன வரிக்குச் செலவு பண்ணுங்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரிக்கு 40 எழுத்துக்குள் அடக்கப் பாருங்கள். சாதாரணமாகப் படிக்கிற ஆள் ஒரு நொடிக்கு 12 முதல் 15 எழுத்து வரை சிரமம் இல்லாமல் படிப்பார், அதைத் தாண்டினால் அவர் கண் முகத்தைப் பார்க்காது, எழுத்தையே துரத்தும். ஆள் வாய் திறக்கும்போது வரி வர வேண்டும், ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்கு வெட்டும் முன் வரி போய்விட வேண்டும். நம் ஆட்கள் பேசுவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதாதீர்கள், அம்மா மூன்று தரம் "சாப்புடுடா" என்றால் ஒரு தரம் எழுதினால் போதும், மீதியை அந்தக் குரல் பார்த்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் தமிழ் சுத்தமாகத் தெரியாத ஒரு நண்பரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரிக்கவில்லை என்றால் அந்த வரியைத் திருத்துங்கள். வெளிநாட்டு விழாவுக்கும் அனுப்புவதாக இருந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று தனியாக எழுத வேண்டும், மலாய் வரியை வைத்து ஆங்கிலம் எழுதாதீர்கள், தமிழைக் கேட்டு எழுதுங்கள்.

இப்போது மொழி விஷயத்துக்கே வருகிறேன். லயத்து வாசலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கிற அம்மா அவனை மலாயில் கொஞ்சினால், நம் டவுனில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். மலாய்க்காரரும் நம்ப மாட்டார், அவருக்கும் தெரியும் நாம் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று. அதிகாலையில் நெற்றி விளக்கோடு மரம் சீவப் போன பாட்டி பேசினது தமிழ். ஆனால் அதற்காக மலாயைப் படத்திலிருந்து துடைத்து எடுக்கவும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில், கிளினிக்கில், நில அலுவலகத்தில், குத்தகைக்காரனிடம் நாம் மலாய்தான் பேசுகிறோம், அதுவும் நமக்கே உரிய ஒரு மலாய். வீட்டுத் தமிழிலேயே எத்தனை மலாய்ச் சொல் கலந்திருக்கிறது. ஜகாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான், 90-களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வந்து டவுன் ஓரத்தில் ஒதுங்கிய குடும்பங்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே பேசுகிறார்கள். அப்போய் என்ற அந்தப் பையனின் வாயில் வரும் தமிழ் சென்னைத் தமிழ் இல்லை, செய்தி வாசிக்கிற தமிழும் இல்லை. நானும் என் தங்கையும் ஈப்போவுக்குப் போய்ப் பார்த்தோம், அவள் பாதிப் படத்தில் என் கையைப் பிடித்து "இது நம்ம பக்கத்து வீட்டு வாயி" என்றாள். விழுக்காட்டுக்காக அந்த வாயை மாற்றியிருந்தால் அந்தப் படமே இல்லை.

தோட்டக் கதையில் உங்களுக்கு முன்னோடி வேண்டும் என்றால் தீபக் குமாரன் மேனனின் செம்மண் சாலையைத் தேடிப் பாருங்கள், 2005-இல் வந்தது. ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி மேல்படிப்புக்கு ஆசைப்படுகிற கதை. முழுக்கத் தமிழ், சின்னச் செலவு, டிஜிட்டல் கேமரா. பிரான்சின் நாந்து நகரில் நடக்கும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது வாங்கியது. தமிழ்நாட்டிலிருந்து என்றால் பி.எஸ். வினோத்ராஜின் கூழாங்கல். அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், பேச்சு ரொம்பக் குறைவு. 2021-இல் ரோட்டர்டாம் விழாவின் புலி விருது அதற்குத்தான், அந்த ஆண்டு இந்தியா ஆஸ்காருக்கு அனுப்பியதும் அதைத்தான். பணம் இல்லாமல் எடுப்பவர்கள் அந்தப் படத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும், எங்கே பேசாமல் விட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

விருது கிடைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் ஒரு பெரிய எதிர்பார்ப்பு தெரிகிறது. ஜகாட் தியேட்டருக்கு வந்தது 2015 டிசம்பரில், விருது 2016 செப்டம்பரில். விருதைக் கேள்விப்பட்டு டிக்கெட் எடுக்கலாம் என்று கிளம்பியவர்களுக்குப் படம் ஓடிய நாட்கள் எப்போதோ முடிந்திருந்தன. உள்ளூர்ப் படத்துக்குத் திரை கிடைப்பதே சில வாரம், அதே வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகர் படம் வந்தால் அதுவும் போச்சு. கூட்டம் சேர்ப்பது விருது செய்கிற வேலை இல்லை. 2018-இல் விமலா பெருமாள் எடுத்த வெடிகுண்டு பசங்க படத்துக்கு நம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், அது விருதை நம்பி வந்த கூட்டம் இல்லை, கதையும் சிரிப்பும் இழுத்த கூட்டம். ஒரு விருது இன்னொரு விருதுக்குச் சிபாரிசும் பண்ணாது. ஜகாட் இங்கே சிறந்த படமான அதே 2016-இல் மலேசியா ஆஸ்காருக்கு அனுப்பியது ரெடா என்ற மலாய்ப் படத்தை. இதில் சூழ்ச்சி எதுவும் தேட வேண்டாம், இரண்டும் தனித்தனித் தேர்வு. விருதால் உருப்படியாகக் கிடைக்கிற ஒன்று, அடுத்த படத்துக்குப் பணம் கேட்டுப் போகும்போது கதவைத் திறந்து உட்காரச் சொல்வார்கள் என்பது. என்னைக் கேட்டால் அது சின்ன விஷயம் இல்லை.

வேலைக்கு ஆகிற சில விஷயங்களைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். முழுநீளப் படமா குறும்படமா என்று இப்போதே தீர்மானியுங்கள், இரண்டுக்கும் பிரிவு வேறு, இடையில் தொங்குகிற நீளத்தில் எடுத்தால் எங்கேயும் சேராது. தியேட்டரில் போடுவதாக இருந்தால் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். துக்க வீட்டுக் காட்சியில் வானொலியில் பழைய சினிமாப் பாட்டு ஓடட்டும் என்று ஆசை வரும், உரிமை வாங்காமல் வைக்காதீர்கள். நான் இருந்த போட்டிகளில் நல்ல படங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளப்பட்டன, பார்க்கவே பாவமாக இருந்தது. பாட்டி பாடுகிற தாலாட்டோ ஒப்பாரியோ பதிவு பண்ணுங்கள், அதைவிட எந்தப் பாட்டும் அங்கே பொருந்தாது. ஒலிக்குப் பணம் ஒதுக்குங்கள், செம்பனை மரத்துக்கு நடுவே காற்றடித்தால் வசனம் ஒன்றும் காதில் விழாது.

படிவம் வெளியானதும் மொழி பற்றிய பத்தியையும், எந்தத் தேதிக்குள் வெளியான படங்கள் என்ற பத்தியையும் முதலில் படியுங்கள். விழுக்காடு எதுவும் போட்டிருந்தால் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், வாய்ப் பேச்சாகச் சொல்வதை நம்பிப் படத்தை மாற்றாதீர்கள், வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தொகுப்பின் முதல் வெட்டு தயாரானதும் மலாய் வசன வரியோடு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் தம்பி, நேரம் சரிபார்த்துத் தருகிறேன். காசெல்லாம் வேண்டாம்.